கால் டேங்க் என்றால் எத்தனை லிட்டர்?

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பினாங்கின் இரண்டாவது பாலம் வடக்கே நீளமாகத் தெரிந்தது. இரவு முழுவதும் ஒரே சீராக ஓடிய இன்ஜினின் சத்தம் திடீரென்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, அப்புறம் படகையே இரண்டு முறை குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. நான் முதலில் பார்த்தது டீசல் முள்ளைத்தான். கால் பாகத்துக்குச் சற்று மேலே நின்றது. "டீசல் இருக்குண்ணே" என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை, முன்பக்கம் போய் நங்கூரத்தை இறக்கினார். காற்று சுத்தமாக இல்லை, நீரோட்டம் எங்களைப் பாலத்தின் தூண்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு மீட்டர் ஆழம், அடியில் சேறு, முப்பது மீட்டர் சங்கிலி விட்டதும் நங்கூரம் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நாங்கள் செய்த காரியங்களிலேயே சரியான காரியம் அதுதான்.

எங்களுடையது 28 அடி பாய்மரப் படகு. அண்ணனும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் எனக்கு மூத்தவர், அளவுக் கருவிகளைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தவர். படகில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், வயதானது ஆனால் நம்பிக்கையானது. டேங்க் 45 லிட்டர், நாங்கள் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கும் காக்பிட்டின் தரைக்குக் கீழே.

பாய்மரப் படகுக்கு எதற்கு டீசலைப் பற்றி இவ்வளவு கவலை என்று கரையில் இருப்பவர்கள் கேட்பார்கள். மலாக்கா நீரிணையில் ஒரு முறை போய்வந்தால் கேட்கமாட்டார்கள். பகலில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், பாய் துணிமாதிரித் தொங்கும். இரவில், முக்கியமாக ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும், சுமாத்ரா பக்கத்திலிருந்து மின்னலோடு ஒரு காற்று வரும், அதற்குப் பெயரே 'சுமாத்ரா'தான், ஒன்று இரண்டு மணி நேரம் புரட்டி எடுத்துவிட்டுப் போய்விடும். பாய் விரித்துப் போகிற மாதிரியான காற்று இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம்தான். ஒரு பக்கம் சரக்குக் கப்பல்களின் பாதை, இன்னொரு பக்கம் மீன்பிடி வலைகள். இங்கே பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பாதிப் பயணத்தை இன்ஜினில்தான் போகிறோம்.

அந்தப் பயணம் பினாங்குக்குத் தெற்கே இருக்கும் லுமுட்டிலிருந்து. அங்கே படகைத் தண்ணீரைவிட்டு மேலே ஏற்றி, அடிப்பக்கம் சுரண்டி, சாயம் அடித்து, மறுபடி இறக்கியிருந்தோம். பினாங்கு ஏறத்தாழ 65 கடல்மைல். மணிக்கு ஐந்து மைல் வைத்தால் பதின்மூன்று மணி நேரம். இன்ஜினை நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓட்டினால் மணிக்கு 1.7 லிட்டர் டீசல் போகும் என்பது அண்ணன் நோட்டில் ஏற்கனவே இருந்தது, அப்படியானால் 22 லிட்டர். புறப்படும்போது முள் முக்கால் பாகத்தில் நின்றது. 45-இல் முக்கால் என்றால் 34 லிட்டர், அதில் 22 போக 12 மிஞ்சும். போதும் என்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

காலையில் முள் கால் பாகத்துக்கு வந்திருந்தது. 45-இல் கால் பாகம் பதினொன்று சொச்சம். எங்கள் கணக்கும் முள்ளும் அச்சாகப் பொருந்தின. அதனால்தான் இன்ஜின் நின்றபோது டீசல்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாமான் பெட்டியிலிருந்து புது ஃபில்டரை எடுத்தேன்.

ஃபில்டரை மாற்றினால் காற்றை எடுக்க வேண்டும். டீசல் குழாயில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி இருந்தாலும் இந்த மாதிரிப் பழைய இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜினோடு இருக்கும் சின்னப் பம்பின் கைப்பிடியை அமுக்கி அமுக்கி, முதலில் ஃபில்டரின் மேலே உள்ள திருகாணி வழியாக, அப்புறம் இன்ஜெக்ஷன் பம்பின் திருகாணி வழியாக, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விடவேண்டும். கடைசியில் இன்ஜெக்டர்களின் நட்டைத் தளர்த்திவிட்டு இன்ஜினைச் சுற்றவேண்டும். சில சமயம் கைப்பிடி தொளதொளவென்று இருக்கும், அமுக்கினால் எதுவும் வராது. பம்ப் கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம், உள்ளே பம்பை இயக்கும் கேம் என்ற புடைப்பு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும், இன்ஜினைக் கையால் ஒரு சுற்று திருப்பினால் சரியாகிவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடிவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் புகை இருக்காது, சைலன்சர் நிரம்பி சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிடும். ஓட ஆரம்பித்ததும் மறக்காமல் திறக்கவும்.

நாற்பது நிமிடத்தில் இன்ஜின் ஓடியது. நங்கூரத்தை எடுத்தோம். பத்து நிமிடம்கூடப் போயிருக்காது, பத்து மாவுங் என்ற ஊர்ப் பக்கமிருந்து வந்த ஒரு மீன்பிடிப் படகு வேகமாகக் கடந்துபோனது, அது கிளப்பிய அலையில் எங்கள் மூக்கு மேலே ஏறி இறங்கியது, மறுபடி அதே ஏற்ற இறக்கச் சத்தம். இந்த முறை அண்ணன், "தம்பி, ஃபில்டர் இல்லடா, டேங்கைத் திறந்து பாரு" என்றார்.

நங்கூரத்தை மறுபடி போட்டுவிட்டு, டீசல் மட்டத்தை முள்ளுக்குச் சொல்லும் மிதவை மாட்டியிருக்கும் தட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். டீசல் இருந்தது. அகப்பைக் காம்பை விட்டுப் பார்த்ததில் ஒன்பதரை சென்டிமீட்டர் நனைந்து வந்தது. டீசல் உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அடியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரத்தில், டேங்கின் முன்முனையில். படகு ஆடாமல் இருக்கும்போது குழாய்க்கு மேலே மூன்றரை சென்டிமீட்டர் டீசல். அலையில் படகின் மூக்கு தூக்கினால் டீசல் பின்பக்கம் ஓடிவிடும், குழாய் காற்றைக் குடிக்கும். கேனில் இருந்த பத்து லிட்டரை ஊற்றி, மறுபடி காற்றெடுத்து, ஒன்பதரை மணிக்கு மேல் பாலத்தைக் கடந்தோம்.

எனக்கு அன்றைக்குப் புரியாமல் இருந்தது வேறு. பன்னிரண்டு லிட்டர் டீசல் ஏன் ஒன்பதரை சென்டிமீட்டர்தான் நிற்கிறது?

அடுத்த வாரம் மிதவையை வெளியே எடுத்து மின்தடை அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இந்த மிதவைகளில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. அமெரிக்க வகையில் காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகையில் காலிக்கு 10, நிறைந்தால் 180. ஒன்றின் மிதவையை இன்னொன்றின் கேஜோடு, அதாவது முள் இருக்கும் வட்டத்தோடு, மாட்டினால் முள் தலைகீழாக ஓடும், பழைய படகு வாங்குபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். எங்களுடையது இரண்டும் ஐரோப்பிய வகை, கையால் தூக்கி இறக்கியதில் ஓம் கணக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஏறி இறங்கியது. முள்ளும் சரியான இடத்தில் நின்றது. எதுவும் கெட்டுப்போகவில்லை.

கெட்டுப்போகாத கருவி எப்படித் தப்பாகக் காட்டும்? அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. டேங்கைச் சுத்தமாக இறைத்துக் காலி செய்துவிட்டு, அளவு போட்ட பாத்திரத்தில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மரக்குச்சியை விட்டு உயரத்தைக் குறித்தோம். ஊற்றியதும் டீசல் நுரைக்கும், அது அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். 28 அடிப் படகில் இரண்டு ஆள் காக்பிட்டில் உட்கார்ந்தாலே பின்பக்கம் தாழ்ந்துவிடும், அதனால் அண்ணன் படகுத்துறையிலேயே நின்றுகொண்டார், நான் நடுவில் குப்புறப் படுத்துக்கொண்டு குச்சியை விட்டேன்.

முதல் ஐந்து லிட்டருக்கு டீசல் 8.4 சென்டிமீட்டர் ஏறியது. அடுத்த ஐந்துக்கு 5.4 மட்டும். பதினைந்து லிட்டர் ஊற்றியபோது 18 சென்டிமீட்டர். டேங்கின் மொத்த உயரம் 36, ஆக அதுதான் சரிபாதி உயரம், ஆனால் உள்ளே இருந்தது மூன்றில் ஒரு பங்கு. கடைசி ஐந்து லிட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் ஏறியது. படகின் அடிப்பாகம் கீழே குறுகி மேலே விரிந்திருக்கும், அதற்குள் பொருந்தும்படி செய்த டேங்கும் அப்படியே. எங்களுடையதில் அடியின் அகலம் எட்டு சென்டிமீட்டர், மேலே நாற்பத்திரண்டு. மிதவைக்குத் தெரிவது உயரம் மட்டும். கால் பாகம் என்று முள் சொன்னபோது அது கால் பாக உயரத்தைச் சொன்னது, நான் கால் பாக டீசல் என்று கேட்டுக்கொண்டேன். கால் உயரத்தில் எங்கள் டேங்கில் இருப்பது ஐந்தரை லிட்டர். முக்கால் உயரத்தில் 34 இல்லை, 28.

இப்போது லுமுட் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 28 லிட்டரோடு கிளம்பி 22 செலவழித்தோம். மிஞ்சியது ஆறு. பாலத்தருகே அகப்பைக் காம்பில் பார்த்த ஒன்பதரை சென்டிமீட்டர் அதே ஆறு லிட்டர்தான்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது, கணக்கும் முள்ளும் அன்று பொருந்தியதுதான். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரிச் சொன்னதால் நம்பினேன். ஆனால் என் கணக்கு ஆரம்பித்ததே முள் காட்டிய முக்காலிலிருந்து, அப்படியிருக்க அதை இன்னொரு சாட்சி என்று எப்படிச் சொல்வது? புறப்படும் அளவைக் குச்சியிலோ, நிரம்ப ஊற்றிய லிட்டரிலோ எடுத்திருந்தால் விடிகாலையில் கணக்கு ஒன்று சொல்லும், முள் வேறொன்று சொல்லும், எங்கோ இடிக்கிறதே என்று அப்போதே கேனைத் திறந்திருப்போம். தொழிற்சாலையில் இருபது வருடம் அளவுக் கருவிகளோடு இருந்தவன் நான். ஒரு கருவியைச் சரிபார்க்க அதே கருவியின் அளவை எடுக்கக்கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். அதே பாடத்தை நடுக்கடலில் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இரண்டாவது விஷயம் குழாய். ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் டீசல் மூணேகால் லிட்டர், அது டேங்கில் இருந்தாலும் இன்ஜினுக்கு இல்லை. அலை இருந்தால் அதற்கு மேலே உள்ளதிலும் ஒரு பங்கு இல்லை. ஆகவே எங்கள் நோட்டில் இப்போது இரண்டு பத்திகள், 'இருப்பது', 'கிடைப்பது' என்று. படகுக்காரர்கள் யாராவது டேங்க் எத்தனை லிட்டர் என்று பெருமையாகச் சொன்னால், உறிஞ்சும் குழாய் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

குழாயை அடிவரைக்கும் நீட்டிவிட்டால் போயிற்று என்று முதலில் நானும் நினைத்தேன். குச்சியின் நுனியில் தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் ஒரு பசை கிடைக்கிறது, பெட்ரோல் நிலையங்களில் நிலத்தடி டேங்கைச் சோதிக்கப் பயன்படுத்துவது. அதைத் தடவி விட்டபோது அடியில் ஒரு சென்டிமீட்டர் சிவந்து வந்தது. எங்கள் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர். டெக்கில் டீசல் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது, பினாங்கு மழை முழுவதும் அதன் மேல்தான் பெய்தது. டீசலைவிடத் தண்ணீர் கனமானதால் அடியில் போய் நிற்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஹார்மோகோனிஸ் ரெசினே மாதிரியான பூஞ்சைகள் வளரும், கறுப்பாக, வழவழவென்று, ஃபில்டரை அடைக்கும் அளவுக்கு. இங்கே பம்பில் கிடைக்கும் பி10 டீசலில் பத்து விழுக்காடு வரை பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல், அது சாதாரண டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் கரைத்து எடுத்துவரும். சும்மா நிற்கும் படகுக்கு இது கெட்ட சேர்க்கை. குழாயை அடிவரை நீட்டினால் இதெல்லாம் நேராக இன்ஜினுக்குப் போகும். அதனால் ஆறை இரண்டரையாகக் குறைத்தோம், அதற்கு மேல் துணியவில்லை. ரப்பர் வளையத்தை மாற்றினோம், அதன் விலை ஒரு தேநீர் விலைகூட இல்லை. மாதம் ஒரு முறை பசையோடு குச்சி இறங்குகிறது.

குச்சி, பலகைக் கடையில் வாங்கிய உருண்டை மரம்தான். வார்னிஷ் அடிக்கக்கூடாது, எதுவும் பூசாத வெறும் மரமாக இருந்தால்தான் டீசல் நனைந்த கோடு தெரியும். பேனாவால் எழுதினால் டீசலில் அழிந்துவிடும், ரம்பத்தால் கீறிவிட வேண்டும். டெக்கிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் வளைந்து போவதால் அந்த வழியாகக் குச்சி இறங்காது. மிதவைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, மரை வெட்டி, இறுக்கமான மூடி ஒன்று வைத்தோம். ஓட்டை போடும்போது இரும்புத் தூள் உள்ளே விழாதபடி துளைக்கும் முனையில் கிரீஸ் தடவிக்கொண்டோம், அப்படியும் அப்புறம் காந்தத்தை விட்டுத் துழாவினேன்.

அலை இருக்கும்போது குச்சி எதுவும் சொல்லாது, முழு நீளமும் நனைந்துதான் வரும். ஓடும்போது நம்பக்கூடியது மணிதான். இன்ஜினில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முழுதாக நிரப்பி, ஊற்றிய லிட்டரை ஓடிய மணியால் வகுத்து எழுதிக்கொண்டே வந்தோம். 2000 சுற்றில் மணிக்கு 1.2 லிட்டர், 2400-இல் 1.7, 2800-இல் 2.6. கடைசி எண்ணைக் கவனியுங்கள், நானூறு சுற்று கூட்டியதற்கு டீசல் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது, வேகம் கூடியது அரை மைல்தான். இந்த மாதிரி உடம்புள்ள படகு ஒரு எல்லைக்கு மேல் வேகமாகப் போகாது, அதற்கு மேல் எரிப்பதெல்லாம் அலை எழுப்பத்தான். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபிறகு நாங்கள் 2800 பக்கம் போவதே இல்லை.

இந்த நோட்டு இன்னொரு வேலையும் செய்தது, நான் எதிர்பாராதது. ஒரு முறை அதே 2400-இல் 2.2 லிட்டர் வந்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று இன்ஜினுக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்துப் பார்த்தேன், சொட்டு இல்லை. அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீரில் முங்கிப் பார்த்தார். புரொப்பெல்லர் முழுவதும் கொட்டலசு என்ற ஓடுள்ள கடலுயிர் ஒட்டி வளர்ந்திருந்தது, விரல் கனத்துக்கு. சுரண்டி எடுத்ததும் 1.7-க்குத் திரும்பிவிட்டது.

எலெக்ட்ரானிக்காகச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். ஒலியலை விட்டு அளப்பது, மின்தேக்கி முறையில் அளப்பது எல்லாம் கிடைக்கிறது, சிலவற்றில் டேங்கின் வடிவத்தையே பதிவு செய்து லிட்டராகக் காட்டவைக்கலாம். ஓடும் டீசலை அளக்கும் மீட்டர் வைப்பதாக இருந்தால் ஒன்று போதாது, ஏனென்றால் இன்ஜின் எரிக்காத மிச்சத்தை இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பும், போவதையும் வருவதையும் அளந்து கழிக்கவேண்டும். பெரிய படகுக்கு நியாயம். மணிக்கு ஒன்றரை லிட்டர் எரிக்கும் இன்ஜினுக்கு எனக்கு மனசு வரவில்லை. நான் செய்தது கேஜின் கண்ணாடியைக் கழற்றி, கால், அரை, முக்கால் கோடுகளுக்குப் பக்கத்தில் 5½, 15, 28 என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியதுதான். பழைய கோடுகளை அழிக்கவில்லை. யாராவது விருந்தாளி சுக்கான் பிடித்தாலும் லிட்டரைத்தான் படிப்பார்.

போன மாதம் லங்காவி போனோம், ஏறத்தாழ 60 கடல்மைல். கிளம்பும் முன் குச்சி 34 சென்டிமீட்டர், 41 லிட்டர். பன்னிரண்டு மணி நேரம், காற்றே இல்லை, முழுக்க இன்ஜின். லங்காவியின் குவா ஊரில் படகைக் கட்டியதும் அண்ணன் கயிற்றைக்கூட முழுதாகச் சுற்றவில்லை, "குச்சி என்னடா சொல்லுது?" என்று படகுத்துறையிலிருந்தே கேட்டார். "இருபத்திரண்டுண்ணே, இருபது லிட்டர்." கேஜின் முள் பாதிக்கு நன்றாக மேலே நின்றது. அண்ணன் நோட்டை வாங்கி, கேன் திறக்கவில்லை என்று எழுதிவிட்டு, தேதி போட்டார்.